வண்டியை நிறுத்திவிட்டு ஆட்டம் பாருங்கள்

கேள்வி:

நாங்கள் டாலஸ் பக்கத்தில் இர்விங்கில் இருக்கிறோம். 10 வயது மகனுக்கு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் பேஸ்பால் அணி என்றால் உயிர். மார்ச் நடுவில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை. அப்போது தஞ்சாவூரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்து எங்களோடு இருப்பார்கள். படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள ஆர்வி வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து ஐந்து பேரும் அரிசோனா போய், சீசன் தொடங்குவதற்கு முன்னால் நடக்கும் பேஸ்பால் ஆட்டங்களைப் பார்த்து வரலாம் என்கிறார் கணவர். ஒன்பது நாளில் ஏழு மைதானம், எட்டு ஆட்டம் என்று எக்செல் தாளே தயார். இங்கிருந்தே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். அவர் இதுவரை ஓட்டிய பெரிய வண்டி எங்கள் மினிவேன்தான். மாமியாருக்கு முழங்கால் வலி, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. மாமனார் பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கிரிக்கெட் பைத்தியம், பேஸ்பால் பார்த்ததே இல்லை. இது நடக்கிற காரியமா? இல்லை, ஃப்ளோரிடா போனால் தேவலையா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தாராளமாக நடக்கும். உங்கள் கணவரின் ஆசை நல்ல ஆசை. பேரனும் தாத்தாவும் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க மார்ச் மாத அரிசோனாவைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. நான் ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லரில் இருந்துகொண்டு பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாகச் செய்கிறேன். அந்த எக்செல் தாளில் இரண்டே மாற்றம் சொல்வேன். டாலஸிலிருந்து ஆர்வியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள். எட்டு ஆட்டத்தை நான்காகக் குறையுங்கள்.

முதலில் தூரம். இர்விங்கிலிருந்து ஃபீனிக்ஸ் சுமார் 1,060 மைல். ஐ-20 நெடுஞ்சாலையைப் பிடித்து மேற்கே போய், ஐ-10-இல் சேர்ந்து, எல் பாசோ, லாஸ் குரூசஸ், டூசான் எல்லாம் தாண்ட வேண்டும். காரிலேயே 16 மணி நேரம் ஆகும். ஆர்வியை 60, 65 மைலுக்கு மேல் விரட்டக் கூடாது. பெட்ரோல் போட, மாமியார் இறங்கி நாலு அடி நடக்க, சமைத்துச் சாப்பிட என்று நிறுத்தி நிறுத்திப் போனால் போக இரண்டரை நாள், வர இரண்டரை நாள். ஒன்பதில் ஐந்து நாள் சாலையிலேயே கரைந்துவிடும். அந்த வண்டி கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் தரும். போக வர 2,120 மைலுக்கு, 9 மைல் என்று கணக்கு வைத்தால் 235 கேலன். கேலன் 3 டாலர் என்றாலே 700 டாலர் ஆகிவிட்டது. பல வாடகை நிறுவனங்கள் மைலுக்கு இவ்வளவு என்று தனியாகவும் பில் போடும்.

செலவைவிட எனக்குக் கவலை காற்றுதான். மேற்கு டெக்சாஸிலும் நியூ மெக்சிகோவிலும் வசந்த காலம் என்றால் காற்றுக் காலம். ஆர்வியின் பக்கவாட்டு ஒரு சுவர் மாதிரி. காற்று அடித்தால் முதல் முறை ஓட்டுபவரின் கை ஸ்டியரிங்கில் நடுங்கும். நியூ மெக்சிகோவில் லார்ட்ஸ்பர்க் பக்கத்தில் ஐ-10 ஒரு வறண்ட ஏரிப்படுகையைக் கடக்கிறது. புழுதி கிளம்பினால் சில நொடியில் முன்னால் போகும் வண்டி தெரியாமல் போகும். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. எந்தக் காரணத்துக்காகவாவது அந்தப் பாதையில் போக நேர்ந்து, புழுதியில் மாட்டிக்கொண்டால் இதை நினைவில் வையுங்கள்: சாலையை விட்டு முடிந்தவரை விலகி நிறுத்துங்கள், ஹசார்ட் உட்பட எல்லா விளக்கையும் அணையுங்கள், பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டு மிதிபிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நினைத்து நேராக உங்கள் மேலேயே வருவார்.

இன்னொன்று. அதே சாலையில் எல்லைக் காவல் சோதனைச் சாவடிகள் உண்டு. மேற்கே போகும்போது லாஸ் குரூசஸ் தாண்டி ஒன்று, திரும்பும்போது டெக்சாஸில் சியரா பிளாங்காவில் ஒன்று. மாமனார் மாமியாரின் பாஸ்போர்ட், ஐ-94 என்கிற நுழைவுப் பதிவின் அச்சு, உங்கள் விசா அல்லது கிரீன் கார்டு எல்லாம் கையில் இருக்க வேண்டும். "வீட்டில் பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று அங்கே சொல்ல முடியாது. விமானத்தில் வந்தாலும் இந்தக் காகிதங்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

அதனால் விமானத்தில் ஃபீனிக்ஸ் வந்து, இங்கே ஆர்வி எடுங்கள். இரண்டரை மணி நேரப் பயணம். நேர வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள்: அரிசோனா கடிகாரத்தை மாற்றுவதில்லை. மார்ச் இரண்டாம் ஞாயிறு அன்று டெக்சாஸ் ஒரு மணி நேரம் முன்னால் போய்விடும். அதன் பிறகு உங்களுக்கும் எங்களுக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம்.

"ஓட்டிக்கொண்டு போவதுதானே சுகமே" என்று உங்கள் கணவர் சொன்னால், அதுவும் நியாயம்தான். அப்படியென்றால் ஃப்ளோரிடா பொருந்தும். பேஸ்பாலின் உச்ச லீக்கான மேஜர் லீக்கின் 30 அணிகளில் பாதி அங்கே, பாதி இங்கே பயிற்சி எடுக்கின்றன. ஃப்ளோரிடாவின் 15 அணிகளும் இரண்டு கடற்கரைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. டனீடினிலிருந்து ஃபோர்ட் மயர்ஸ் போக 150 மைல் வரும். அங்கிருந்து கிழக்குக் கரையில் ஜூப்பிட்டர் போக இன்னும் 140. அங்கே வீட்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அது இன்னொரு வருடத்துக்கு. உங்கள் மகனின் ரேஞ்சர்ஸ் 2003-லிருந்து அரிசோனாவில் சர்ப்ரைஸ் என்ற ஊரில்தான் பயிற்சி எடுக்கிறார்கள். அந்த அணியின் நட்சத்திரம் கோரி சீகரைப் பார்க்க அவன் ஆசைப்பட்டால் பேச்சே இல்லை, அரிசோனாதான்.

இங்கே நிலைமை நேர்மாறு. காக்டஸ் லீக் என்கிற இந்தக் கள்ளிச்செடி லீக்கின் 15 அணிகளும் 10 மைதானங்களில் ஆடுகின்றன. பத்தும் ஃபீனிக்ஸைச் சுற்றியே இருக்கின்றன. மேற்கே சர்ப்ரைஸ், பியோரியா, கிளென்டேல், குட்இயர், மேரிவேல். கிழக்கே ஸ்காட்ஸ்டேல், சால்ட் ரிவர், டெம்பி, அப்புறம் மேசாவில் இரண்டு. இந்தக் கோடியில் சர்ப்ரைஸ், அந்தக் கோடியில் மேசா. நடுவே 45 மைல்தான். ஆனால் ஆட்டம் முடிந்து எல்லோரும் 101 நெடுஞ்சாலையில் ஏறும் நேரத்தில் அந்த 45 மைல் ஒன்றரை மணி நேரம் ஆகும். அதில் 25 அடி வண்டியை ஓட்டச் சொல்லி யாரையும் நான் அனுப்ப மாட்டேன்.

ஆகவே ஆர்வியை வீடாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல இடத்தில் நிறுத்தி, தண்ணீரும் மின்சாரமும் இணைத்துவிட்டு, மைதானத்துக்குக் காரில் போங்கள். விமான நிலையத்திலேயே ஒரு கார் எடுத்துவிடுங்கள். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஆர்வியை இடம் மாற்றும் நாளில் கணவர் அதை ஓட்டட்டும், நீங்கள் காரில் மாமனார் மாமியாரைக் கூட்டிக்கொண்டு பின்னால் வாருங்கள். ஆர்வியின் நடுவில் உள்ள சோபா பக்கவாட்டாகப் பார்த்த இருக்கை. மூட்டு வலி உள்ளவருக்கு ஒவ்வொரு வளைவிலும் வேதனை. "ஏழு பேர் படுக்கலாம்" என்று விளம்பரம் போடுவார்கள். எத்தனை சீட் பெல்ட் என்று கேளுங்கள். படுக்கைக் கணக்கும் பெல்ட் கணக்கும் எப்போதும் ஒன்றாக இருக்காது.

ஆர்வி, கார் இரண்டுக்கும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வீட்டையே வாடகைக்கு எடுப்பது மலிவாக முடியலாம். அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வீட்டில் கிடைக்காத ஒன்று உங்களுக்கு இதில் கிடைக்கிறது: சமையலறையும் கழிப்பறையும் நாலே எட்டில் இருக்க, கதவைத் திறந்தால் எதிரே சகுவாரோ கள்ளி. விடியற்காலையில் பெரியவர்கள் எழுந்து வெளியே நாற்காலி போட்டு, மலை சிவக்கும்போது காபி குடிப்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவும்.

தங்கும் இடம் விஷயத்தில் உங்களைப் போன்ற குடும்பங்கள் தவறுவது ஒரே இடத்தில். மேசா, அப்பாச்சி ஜங்ஷன் பக்கம் தேடினால் நீச்சல் குளம், கிளப் என்று பிரமாதமான ஆர்வி ரிசார்ட்டுகள் வரிசையாக வரும். அவற்றில் நிறைய 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். குளிருக்குப் பயந்து கனடாவிலிருந்தும் வடக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து ஏப்ரல் வரை தங்கும் ஓய்வுபெற்றவர்களின் குடியிருப்புகள் அவை. 10 வயதுப் பையனோடு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பதிவு செய்யும்போதே வயதுக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது மரிகோப்பா கவுன்ட்டியின் பூங்காக்கள். சர்ப்ரைஸ் பக்கத்தில் வைட் டேங்க் மலைப் பூங்கா, குட்இயர் பக்கத்தில் எஸ்ட்ரெயா மலைப் பூங்கா, மேசாவுக்குக் கிழக்கே யூசரி மலைப் பூங்கா. தண்ணீர், மின்சாரம் உண்டு. கழிவுநீர் இணைப்பு பெரும்பாலும் இருக்காது. பூங்காவிலேயே உள்ள இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்த் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மார்ச் மாத இடங்கள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். அதனால் ஆட்டத்தின் டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதைப் பதிவு செய்யுங்கள். டிக்கெட் எப்படியாவது கிடைக்கும். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

வண்டியில் கிளாஸ் சி என்பதை எடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை முன்னால் நீட்டிக்கொண்டிருக்குமே, அதுதான். 25 அடி போதும். இதற்கு உங்கள் சாதாரண ஓட்டுநர் உரிமமே செல்லும். மேலே ஏணி வைத்து ஏறும் படுக்கை மகனுக்கு. பின்னால் உள்ள கட்டில் பெரியவர்களுக்கு. நீங்கள் இருவரும் சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்கையாக்கிக்கொள்ள வேண்டியதுதான். வாசற்படி மூன்று இருக்கும், உயரமாக இருக்கும். அகலமான ஒரு சிறு முக்காலி வாங்கி முதல் படிக்குக் கீழே போட்டுவிடுங்கள். மாமியாருக்கு அது பெரிய உதவி.

சமையல்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மின் இணைப்பு 30 ஆம்பியர் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏசி 1,500, மைக்ரோவேவ் 1,500, இன்ஸ்டன்ட் பாட் 1,000. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழும். நான் அனுப்பிய ஒரு குடும்பம் இரவு எட்டு மணிக்கு "வண்டி செத்துப்போச்சு" என்று பதறி அழைத்தது. சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருக்கும்போது யாரோ மைக்ரோவேவில் பால் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒரு பெரிய சாதனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, தாளிப்புக்கு ப்ரொபேன் அடுப்பு போதும். எண்ணெயில் பொரிப்பதை வெளியே மேசையில் வையுங்கள், இல்லையென்றால் எட்டு நாளும் அந்த வாசனையில்தான் தூங்க வேண்டும். மளிகைக்குக் கவலை வேண்டாம், சாண்ட்லரில் இந்தியக் கடைகள் நிறைய.

தண்ணீரையும் பெரியவர்களுக்கு முதல் நாளே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வெந்நீர்த் தொட்டி பெரும்பாலும் 6 கேலன்தான். நாலைந்து நிமிடத்தில் ஷவரில் பச்சைத் தண்ணீர் வந்துவிடும். பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் ஒரு தொட்டிக்கும், கழிப்பறைத் தண்ணீர் இன்னொன்றுக்கும் போகும். ஒவ்வொன்றும் சுமார் 30 கேலன் பிடிக்கும். நம் வழக்கப்படி தண்ணீர் பயன்படுத்துவது கழிப்பறைத் தொட்டிக்கு நல்லதுதான், தண்ணீர் குறைந்தால்தான் அது அடைத்துக்கொள்ளும். ஆனால் ஐந்து பேருக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை காலி செய்தாக வேண்டும். முதலில் கழிப்பறைத் தொட்டி, பிறகு மற்றது. அப்போதுதான் சோப்புத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை மறக்க வேண்டாம். குளிப்பதற்குப் பூங்காவின் குளியலறையைப் பயன்படுத்தினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஓட்டுவது பற்றிக் கணவருக்கு. வண்டியை எடுத்ததும் நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். காலியான ஒரு பார்க்கிங்கில் அரை மணி நேரம் திருப்பிப் பழகுங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, நீங்கள் வலப்பக்கம் திரும்பினால் இடப்பக்கம் வீசும். பெட்ரோல் பங்க் தூண்களில் கீறல் விழுவது அப்படித்தான். உயரம் 12 அடி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கண் முன்னால் ஒட்டுங்கள். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும், மழை பெய்தாலும். கார் இன்சூரன்ஸும் கிரெடிட் கார்டு தரும் காப்பீடும் பெரும்பாலும் ஆர்வியைச் சேர்ப்பதில்லை. உங்கள் நிறுவனத்தை அழைத்துக் கேட்டுவிட்டுத்தான் வாடகை நிறுவனத்தின் காப்பீட்டை வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். எட்டை நான்காக ஏன் குறைக்கச் சொல்கிறேன்?

என் சொந்தக் குடும்பத்தோடு முதல் முறை போனபோது ஆறு நாளில் ஏழு ஆட்டம் வைத்தேன். நான்காம் நாள் சாயங்காலம் என் மகள் மைதானத்தின் புல்வெளியில் முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள். அவளுக்குப் பிடித்த வீரர் ஆட வந்தபோதும் எழவில்லை. ஸ்கோரைத் துரத்தி நாங்கள் ஓடிய ஓட்டம் எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இந்த ஆட்டங்களின் ஸ்கோர் யாருக்கும் கணக்கில்லை. ஒன்பது இன்னிங்ஸில் சமமாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பெரிய வீரர்கள் ஐந்தாறு இன்னிங்ஸில் கழன்றுகொள்வார்கள்; பிறகு வருபவர்கள் நம்பர் மட்டும் பெரிதாக எழுதிய சட்டை போட்ட புதுப் பையன்கள். எட்டு நாளும் மதியம் 1:05-இலிருந்து மூன்று மணி நேரம் வெயிலில் உட்கார்ந்தால் பெரியவர்களும் தாங்க மாட்டார்கள்.

இந்தச் சீசனின் அருமை காலையில் இருக்கிறது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே பயிற்சித் திடல்கள் உண்டு. காலையில் அங்கே வேலி ஓரம் நின்று இலவசமாகப் பார்க்கலாம். சர்ப்ரைஸில் ஒரு பக்கம் ரேஞ்சர்ஸ், மறுபக்கம் கேன்சஸ் சிட்டி ராயல்ஸ். பிட்சர் வீசும் பந்து கேட்சர் கையுறையில் விழும் சத்தம் பத்தடி தூரத்தில் கேட்கும். டிவியில் அந்தச் சத்தம் வராது. திடலுக்கும் உடை மாற்றும் அறைக்கும் நடுவே நடந்து போகும் வீரர்கள் நின்று பையன்களுக்குக் கையெழுத்துப் போடுவார்கள். மகனிடம் ஒரு புதுப் பந்தும் நல்ல பேனாவும் இருக்கட்டும். பெயர் சொல்லி, "ப்ளீஸ்" சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். மார்ச் நடுவில் இந்தத் திடல்களில் மைனர் லீக் பையன்களின் ஆட்டமும் நடக்கும், அதற்கும் டிக்கெட் கிடையாது.

எந்த ஆட்டம் என்று தேர்ந்தெடுக்க ஒரு வழி. நட்சத்திர வீரர்கள் சொந்த மைதானத்தில்தான் அதிகம் ஆடுவார்கள். வேறு மைதானத்துக்குப் பேருந்தில் போவது பெரும்பாலும் இளையவர்கள். ஆகவே ரேஞ்சர்ஸை மேசாவில் போய்ப் பார்க்கத் திட்டமிடாதீர்கள், சர்ப்ரைஸில் பாருங்கள். அட்டவணையில் அணியின் பெயருக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அன்றைக்கு அணி இரண்டாகப் பிரிந்து இரண்டு ஊரில் ஆடுகிறது. அந்த நாளைத் தவிருங்கள். வேர்ல்ட் பேஸ்பால் கிளாசிக் நடக்கும் வருடமானால் மார்ச்சில் சில பெரிய வீரர்கள் தங்கள் நாட்டுக்காக ஆடப் போய்விடுவார்கள், அதையும் பாருங்கள். சிகாகோ கப்ஸ், டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் ஆடும் வார இறுதி ஆட்டங்கள் விலையும் கூட்டமும் அதிகம். வார நாளில் போனால் பாதித் தொல்லை.

வெளிப்புறப் புல்வெளியில் போர்வை விரித்து உட்காரும் டிக்கெட்தான் மலிவு. மகனோடு நீங்கள் ஒரு நாள் அங்கே உட்காருங்கள். பெரியவர்களோடு போகும் நாளில் பந்தை அடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால், கூரைக்குக் கீழே வரும் மேல் வரிசைகளை வாங்குங்கள். பகலில் 25 டிகிரி என்று கேட்டால் சுகமாக இருக்கும். ஆனால் பாலைவன வெயிலில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பில் நீர் குறைவது தெரியாது. இரவு ஆட்டமென்றால் சூரியன் விழுந்த அரை மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேவைப்படும். தயிர்சாதம் உள்ளே விடுவார்களா என்பது மைதானத்துக்கு மைதானம் வேறுபடும். சிலவற்றில் வெளிச் சாப்பாடு அனுமதி, சிலவற்றில் இல்லை. பை உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்காக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. அந்தந்த மைதானத்தின் தளத்தில் முந்தின நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனாரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். சேப்பாக்கத்தில் முன்பு மார்ச் மாதம் தோனி வலைப் பயிற்சி எடுப்பதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கில் கூடினார்களே, அந்த மாதிரி இது என்று சொல்லுங்கள், ஒரே நொடியில் புரிந்துகொள்வார். பந்து தரையில் படாமல் வருகிறது, அடித்தால் ஓடியே ஆக வேண்டும், மூன்று பேர் அவுட்டானால் அணி மாறும். தொடங்க இவ்வளவு போதும். ஸ்கோர்கார்டு ஒன்றும் பென்சிலும் வாங்கிக் கொடுங்கள். ஒவ்வொரு அடியையும் கட்டம் கட்டமாகக் குறிக்கும் வழக்கம் இங்கே உண்டு. கணக்கில் பழகிய கைக்கு அது பிடித்துப்போகும், பேரன் சொல்லிக் கொடுக்கட்டும்.

அவர் பொதுப்பணித் துறைக்காரர் என்று எழுதியதால் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மேசாவில் அத்லெடிக்ஸ் அணி ஆடும் மைதானத்தின் பெயர் ஹோஹோகம். இந்தப் பாலைவனத்தில் சால்ட் ரிவர் என்கிற உப்பாற்றிலிருந்து நூற்றுக்கணக்கான மைலுக்கு வாய்க்கால் வெட்டி விவசாயம் செய்த பழங்குடி மக்களின் பெயர் அது. கட்டையும் கல்லும்தான் கருவி. இழுக்க மாடுகூடக் கிடையாது. 1450 வாக்கில் அந்த ஊர்கள் கலைந்துவிட்டன. நானூறு வருடம் கழித்து வந்தவர்கள் அதே வாய்க்கால் தடங்களைப் பிடித்துத் தண்ணீர் விட்டுத்தான் ஃபீனிக்ஸ் நகரம் எழுந்தது. மைதானத்துக்குப் பக்கத்திலேயே 'பார்க் ஆஃப் த கெனால்ஸ்' என்று ஒரு பூங்கா இருக்கிறது. பழைய வாய்க்கால் பள்ளங்கள் அங்கே இன்னும் கண்ணுக்குத் தெரிகின்றன. நுழைவுச் சீட்டு எதுவும் இல்லை. கல்லணைத் தண்ணீரில் விளைந்த ஊர்க்காரர் அங்கே நின்று அந்தச் சரிவைப் பார்த்தால் பேஸ்பாலைவிட அதைத்தான் ஊருக்குப் போய்ச் சொல்வார் என்று நினைக்கிறேன். காலையில் அங்கே, மதியம் ஹோஹோகமில் ஆட்டம் என்று ஒரு நாளை வைத்துவிடுங்கள்.

சரி, நாட்களை இப்படிப் பிரிக்கலாம். சனிக்கிழமை வந்து இறங்கி வண்டியை எடுங்கள். விளக்கிக் காட்டவே ஒரு மணி நேரம் ஆகும், அன்று வேறு வேலை வைக்காதீர்கள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் நான்கு இரவும் வைட் டேங்கில். இதில் சர்ப்ரைஸில் இரண்டு ஆட்டம், இரண்டு காலைப் பயிற்சி. ஒரு நாள் முழுக்க எதுவும் வேண்டாம். மரிகோப்பா ஊரில் உள்ள மகா கணபதி கோயிலுக்குப் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள். புதன்கிழமை கணவருக்கு அவருடைய சாலைப் பயணம்: டூசான் பக்கம் கேட்டலீனா மாநிலப் பூங்கா, இரண்டு மணி நேர ஓட்டம், இரண்டு இரவு. சகுவாரோ தேசியப் பூங்காவில் ஆள் உயரத்துக்கு ஆறு மடங்கு வளர்ந்து நிற்கும் கள்ளிகளைப் பார்க்கலாம். டூசானில் ஹை கார்பெட் மைதானத்தையும் காட்டுங்கள். 1947-இல் கிளீவ்லேண்ட் அணியின் உரிமையாளர் பில் வெக் தன் அணியை ஃப்ளோரிடாவை விட்டு அங்கே கொண்டுவந்தார். நியூயார்க் ஜயன்ட்ஸ் ஃபீனிக்ஸுக்கு வந்தார்கள். இந்த லீக் பிறந்த கதை அது. கறுப்பின வீரர்களை அணியில் எடுக்க நினைத்த தனக்கு ஃப்ளோரிடாவின் நிறவெறி ஒத்துவரவில்லை என்று வெக் பின்னால் சொன்னார். அதே ஆண்டு ஜூலையில் லாரி டோபியைச் சேர்த்தார். மேஜர் லீக்கின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் ஆடிய முதல் கறுப்பின வீரர் டோபிதான். 2010-க்குப் பிறகு டூசானில் எந்த அணியும் இல்லை. இப்போது அங்கே அரிசோனா பல்கலைக்கழகப் பையன்கள் ஆடுகிறார்கள்.

வெள்ளி, சனி இரண்டு இரவும் யூசரியில். ஹோஹோகம் ஒரு நாள். ஸ்காட்ஸ்டேல் அல்லது சால்ட் ரிவர் ஒரு நாள். ஸ்காட்ஸ்டேல் மைதானம் ஊருக்கு நடுவே இருப்பதால் பார்க்கிங் சிரமம். பெரியவர்களோடு போக சால்ட் ரிவர்தான் சௌகரியம். பழங்குடியினரின் நிலத்தில் 2011-இல் திறந்த, மலை தெரிகிற அழகான இடம். ஞாயிறு வண்டியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஆனால் வாடகை அலுவலகங்கள் சில ஞாயிறு மூடியிருக்கும். அப்படியானால் சனிக்கிழமையே ஒப்படைத்துவிட்டுக் கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலில் கழியுங்கள்.

கிராண்ட் கேன்யனையும் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். இந்த முறை வேண்டாம். தெற்கு விளிம்பு 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. மார்ச்சில் இரவு நீர் உறையும் குளிர். வண்டியின் தண்ணீர்க் குழாய் கட்டியாகிவிடும், முழங்காலும் சொன்ன பேச்சுக் கேட்காது.

பள்ளி விடுமுறைத் தேதியை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அன்றைக்கே பூங்கா இடங்களைப் பதிவு செய்யுங்கள், அப்புறம் ஆர்வி, அப்புறம் விமானமும் காரும், கடைசியில் டிக்கெட். தேதியை எனக்கு எழுதினால், அந்த வாரத்தில் ரேஞ்சர்ஸ் எந்தெந்த நாள் சர்ப்ரைஸில் ஆடுகிறார்கள், எந்த நாள் அணி பிரிகிறது என்று அட்டவணையில் குறித்து அனுப்புகிறேன்.